சட்டத்தின் காவலர் பார்பரா ஜோர்டன் அம்மையார்

வேலியே பயிரை மேய்ந்தால் விளைச்சல் வீடு வந்து சேராது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஒரு நாட்டிற்கு வேலியாக நிற்க வேண்டியவர் அந்நாட்டின் தலைவர். அவரே சட்டத்தை மீறி நடந்தால் அவரைத் தட்டிக் கேட்பது யார்? படை அவர் கையில் இருக்கிறது. உயர் அதிகாரிகளை அமர்த்துவதும் நீக்குவதும் அவர் விருப்பம். அத்தகையவரைக் கேள்வி கேட்கத் துணிபவரிடம் ஒரு சட்டப் புத்தகம் மட்டுமே இருந்தால் என்ன ஆகும்? 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடு இக்கேள்விக்கு விடை காண வேண்டியிருந்தது. அவ்விடையை நாடறியத் தெளிவாக எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர், 38 வயதே நிரம்பிய ஒரு கறுப்பினப் பெண்மணி. அவர்தாம் பார்பரா ஜோர்டன் அம்மையார். பெண்குலத்திற்குப் பெருமை சேர்த்த அப்பெருமாட்டியின் வாழ்வை இங்குக் காண்போம்.

இளமைப் பருவம்

பார்பரா 1936-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21-ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் பிறந்தார். மூன்று பெண்மக்களில் இவரே இளையவர். தந்தை பெஞ்சமின் ஜோர்டன் ஒரு சரக்குக் கிடங்கில் எழுத்தராக வேலை பார்த்தார். பாப்திஸ்து சபையில் போதகராகவும் பணியாற்றினார். வீட்டில் கட்டுப்பாடு மிகுதி, வசதி குறைவு. தாய்வழிப் பாட்டனார் பழைய சாமான்களை வாங்கி விற்பவர். அவர் பேத்தியைத் தம் அருகில் அமர்த்திக்கொண்டு பல செய்திகளைப் பேசுவார். பிறரைப் பார்த்து அவர்களைப் போலவே நடக்க வேண்டியதில்லை, தன் காலில் தான் நிற்க வேண்டும் என்னும் பாடத்தை பார்பரா அவரிடமே கற்றார்.

அக்காலத்தில் டெக்சாஸில் வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு வேறொரு பள்ளி. பேருந்தில் கறுப்பருக்குப் பின்வரிசையே கிடைக்கும். இவையெல்லாம் சிலர் செய்த முறைகேடுகள் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. சட்டமே அவ்வாறு இருந்தது! சட்டத்தின் பெயரால் ஒதுக்கப்பட்ட ஒரு சிறுமி, பிற்காலத்தில் அச்சட்டத்தையே காக்கும் காவலராக எழுந்தது எப்படி என்பதே இவ்வாழ்க்கை வரலாற்றின் சிறப்பு.

கல்வியும் விடாமுயற்சியும்

பார்பரா உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது, ஈடித் சாம்ப்சன் என்னும் கறுப்பினப் பெண் வழக்கறிஞர் அப்பள்ளிக்கு வந்து மாணவியரிடையே உரையாற்றினார். அவ்வுரையைக் கேட்ட பார்பரா, தாமும் வழக்கறிஞராவது என்று உறுதி பூண்டார். ஒரு பள்ளி விழாவில் கேட்ட ஓர் உரை ஒரு பெண்ணின் வாழ்வையே திருப்பிவிட்டது!

1952-இல் பள்ளிப் படிப்பை முடித்தார். டெக்சாஸ் பல்கலைக்கழகம் அன்று கறுப்பின மாணவரை இளங்கலை வகுப்புகளில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே கறுப்பருக்கென 1947-இல் தோற்றுவிக்கப்பட்டிருந்த டெக்சாஸ் தெற்குப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குச் சொற்போர்க் குழுவில் இடம்பெற்றுப் புகழ் ஈட்டினார். உலகப் புகழ் பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழுவோடு மோதியபோது இரு குழுவும் சமம் என்று தீர்ப்பாயிற்று. 1956-இல் சிறப்பு நிலையில் பட்டம் பெற்றார்.

அடுத்து பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். தனிப் பள்ளியில் தமக்குக் கிடைத்த கல்வி, பிறருக்குக் கிடைத்த கல்விக்கு ஈடாகாது என்பதை அங்கேதான் உணர்ந்தார். அதற்காக மனம் தளரவில்லை. விடுபட்டவற்றையெல்லாம் தேடித் தேடிப் படித்தார். 1959-இல் சட்டப் பட்டத்துடன் வெளிவந்து ஹூஸ்டன் திரும்பினார். அலுவலகம் அமைக்கப் பணமில்லை. பெற்றோர் வீட்டில் உணவருந்தும் மேசையே அவருடைய முதல் அலுவலகமாயிற்று.

சட்டம் திறந்த கதவு

1962-இலும் 1964-இலும் மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் நின்று இருமுறையும் தோற்றார். தொகுதிகள் வகுக்கப்பட்ட முறையே கறுப்பரின் வாக்கு மதிப்பிழக்கக் காரணமாய் இருந்தது. அப்போதுதான் உச்ச நீதிமன்றம் ஒவ்வொருவர் வாக்கும் சம மதிப்புடையதாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தொகுதிகள் திருத்தி அமைக்கப்பட்டன. வாக்களிக்க வரி கட்ட வேண்டும் என்ற பழைய விதியும் வீழ்ந்தது. 1966-இல் மீண்டும் போட்டியிட்டு டெக்சாஸ் செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1883-க்குப் பின் அச்சபையில் காலடி வைத்த முதல் கறுப்பினத்தவர் அவரே. முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே.

31 பேர் கொண்ட அச்சபையில் அவர் ஒருவரே பெண். வெறுப்போடு நோக்கியவர்களையும் தம் உழைப்பாலும் அறிவாலும் வென்றார். 1972-இல் அச்சபையே அவரைத் தன் தற்காலிகத் தலைவராகத் தேர்ந்தது. அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாள், வழக்கப்படி, ஒரு நாள் ஆளுநராகவும் வீற்றிருந்தார். மகளின் பெருமையைக் காண வந்திருந்த தந்தை அன்றே நோயுற்று மறுநாள் காலமானார். இன்பமும் துன்பமும் ஒரே வாசலில் வந்து நின்றன.

அவ்வாண்டின் இறுதியில் நடந்த தேர்தலில் அமெரிக்கக் காங்கிரசின் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முன்னாள் ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் உதவியால் அச்சபையின் நீதிக் குழுவில் இடம் கிடைத்தது. அந்த இடம் தம்மை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதை அப்போது அவர் அறிந்திருக்க முடியாது.

வாட்டர்கேட் விவகாரம்

1972 ஜூன் 17 அதிகாலை. தலைநகரான வாஷிங்டனில் வாட்டர்கேட் என்னும் கட்டடத்தில் பிராங்க் வில்ஸ் என்ற இளங்காவலர் காவல் சுற்றி வந்தார். ஒரு கதவின் தாழ் பூட்டிக்கொள்ளாதபடி அதன்மேல் பசைநாடா ஒட்டப்பட்டிருந்தது. அதை அகற்றிவிட்டுச் சென்றார். மீண்டும் வந்து பார்த்தபோது புதிதாக நாடா ஒட்டியிருந்தது. உடனே போலீசாருக்குத் தொலைபேசி வழியே தகவல் கொடுத்தார். எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் தலைமை அலுவலகத்திற்குள் புகுந்திருந்த ஐவர் பிடிபட்டனர். ஒட்டுக் கேட்கும் கருவிகள் அவர்களிடம் இருந்தன.

அவர்களுக்கும் ஜனாதிபதி ரிச்சர்டு நிக்சனின் தேர்தல் குழுவுக்கும் தொடர்பு இருந்தது சிறிது சிறிதாக வெளிவந்தது. நிக்சன் எளியவர் அல்லர். சீன நாட்டுடன் உறவுக்கு வழிகோலியவர். 1972 நவம்பர்த் தேர்தலில் 50 மாநிலங்களில் 49-ஐ வென்றவர். ஆயினும் அவரும் அவருடைய உதவியாளர்களும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முயன்றனர். பிடிபட்டவர்கள் வாய் திறவாதிருக்கப் பணம் கைமாறியது. புலனாய்வைத் தடுக்க உளவுத்துறையைப் பயன்படுத்தவும் முயற்சி நடந்தது.

1973 ஜூலையில் செனட் குழு ஒன்றின் விசாரணையில் ஓர் உண்மை வெளிப்பட்டது. ஜனாதிபதி தம் அலுவலகப் பேச்சுகளைத் தாமே ஒலிநாடாவில் பதிவு செய்து வந்தார்! உண்மை அந்த நாடாக்களில் இருந்தது. தனி வழக்கறிஞர் ஆர்ச்சிபால்டு காக்ஸ் அவற்றைக் கேட்டார். நிக்சன் மறுத்தார். காக்ஸ் விடவில்லை. அக்டோபர் 20-ஆம் நாள், காக்ஸைப் பதவி நீக்கும்படி நீதித்துறைத் தலைவர் எலியட் ரிச்சர்ட்சனுக்கு நிக்சன் ஆணையிட்டார். ரிச்சர்ட்சன் அதைச் செய்ய மறுத்துப் பதவி விலகினார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த வில்லியம் ரக்கல்ஷாஸும் மறுத்துப் பதவியை இழந்தார். மூன்றாமவரான ராபர்ட் போர்க்கே அவ்வாணையை நிறைவேற்றினார். நாடெங்கும் சினம் கொதித்தது.

நீதிக் குழுவின் முன்

அமெரிக்கச் சட்டப்படி ஜனாதிபதியைப் பதவியிலிருந்து நீக்கப் படிகள் உண்டு. பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்ட வேண்டும். செனட் சபை விசாரித்துத் தீர்ப்பளிக்க வேண்டும். அங்கு மூன்றில் இரு பங்கினர் ஒப்பினால்தான் பதவி போகும். குற்றம் சாட்டுபவரே நீதிபதியாகவும் இருக்கலாகாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. 1974 பிப்ரவரி 6-ஆம் நாள், 410 வாக்குகளுக்கு 4 என்ற கணக்கில், இதனை ஆராயும் பொறுப்பைச் சபை நீதிக் குழுவிடம் ஒப்படைத்தது. 38 உறுப்பினர் கொண்ட அக்குழுவுக்கு பீட்டர் ரொடினோ தலைவர். பார்பரா அதில் முதன்முறை உறுப்பினர்.

அவருக்கு அப்போது வேறொரு சோதனையும் இருந்தது. நரம்புகளை மெல்ல மெல்லத் தளரச் செய்யும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய் அவரைப் பற்றியிருப்பது 1973-இல் தெரிய வந்தது. அதைப் பற்றி அவர் வெளியே பேசவில்லை, கடமையையும் விடவில்லை.

ஊரெல்லாம் ஒருவரைக் குற்றவாளி என்று ஏசும்போது நாமும் சேர்ந்து ஏசுவது எளிது. எதிர்க்கட்சியைச் சேர்ந்த பார்பராவுக்கு அது இன்னும் எளிது. ஆனால் அவர் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசவில்லை. குழுவின் வழக்கறிஞர்கள் தொகுத்து வைத்த சாட்சியங்களைப் படித்தார். சட்டத்தை வகுத்தவர்கள் ஜனாதிபதியின் எத்தகைய குற்றத்தை மனத்தில் கொண்டு அந்த விதியை எழுதினார்கள் என்று ஆராய்ந்தார். அதன் பின்னரே வாய் திறந்தார்.

1974 ஜூலை 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நாடாக்களை ஒப்படைக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்புக் கூறியது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி நிக்சனாலேயே அமர்த்தப்பட்டவர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். பதவி தந்தவர் என்பதற்காக அவர் நீதியை வளைக்கவில்லை.

மறுநாள் மாலை பார்பரா தொலைக்காட்சி வழியாக நாடு பார்க்கப் பேசினார். சட்டம் 1787-இல் எழுதப்பட்டபோது, அதன் தொடக்கத்தில் கூறப்படும் மக்கள் என்ற சொல்லில் தம்மைப் போன்றோர் அடங்கவில்லை என்பதை நினைவூட்டினார். அன்று அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகவே கணக்கிட்டனர்; பெண்களுக்கோ வாக்குரிமை இல்லை. பின்வந்த திருத்தங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளுமே தம்மையும் அச்சொல்லுக்குள் சேர்த்தன என்றார். அச்சட்டத்தின் மீது தமக்குள்ள நம்பிக்கை சிறிதும் குறைவற்றது என்றும், அது சிதைக்கப்படுவதைக் கைகட்டிப் பார்த்திருக்கப் போவதில்லை என்றும் உறுதிபடக் கூறினார்.

அதன் பின் ஓர் ஆசிரியை பாடம் நடத்துவது போல விளக்கினார். சட்டத்தை வகுத்தவர்கள் வைத்த அளவுகோலை ஒருபுறமும் நிக்சனின் செயல்களை மறுபுறமும் நிறுத்திக் காட்டினார். சிறு காரணங்களுக்காகவோ கட்சிப் பகைக்காகவோ ஜனாதிபதியை நீக்கலாகாது என்பதையும் மறவாமல் சொன்னார். இத்தனைக்குப் பிறகும் அந்த விதி பயன்படாது என்றால், அச்சட்டத்தைக் காகிதம் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டுவிடலாம் என்ற கருத்தையும் முன்வைத்தார். கால் மணி நேரத்திற்கு உட்பட்ட அவ்வுரையில் வசைச்சொல் எதுவுமில்லை. அதனாலேயே அது நெஞ்சங்களில் பதிந்தது. சட்டத்தைத் தங்களுக்கு விளங்க வைத்ததற்காக நன்றி கூறி ஹூஸ்டன் நகரில் விளம்பரப் பலகைகளே வைக்கப்பட்டன.

ஜூலை 27-ஆம் நாள், நீதிக்குத் தடை விளைவித்தார் என்ற முதல் குற்றச்சாட்டு 27-க்கு 11 என்ற வாக்கில் நிறைவேறியது. நிக்சனின் சொந்தக் கட்சியினர் அறுவரும் அதற்கு வாக்களித்தனர். வாக்கெடுப்பு முடிந்ததும் தலைவர் ரொடினோ தம் அறைக்குச் சென்று மனைவியைத் தொலைபேசியில் அழைத்துக் கண்ணீர் விட்டார். வெற்றி முழக்கம் செய்ய வேண்டிய வேளை அதுவன்று என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டும், சபையின் அழைப்பாணைகளை மீறினார் என்ற குற்றச்சாட்டும் அடுத்தடுத்து நிறைவேறின.

ஆகஸ்டு 5-ஆம் நாள் வெளிவந்த ஒலிநாடா, புலனாய்வைத் தடுக்க நிக்சன் தொடக்கத்திலேயே இசைந்ததைக் காட்டிக் கொடுத்தது. ஆகஸ்டு 9-ஆம் நாள் அவர் பதவி விலகினார். அமெரிக்க வரலாற்றில் பதவியைத் துறந்த ஜனாதிபதி அவர் ஒருவரே. துப்பாக்கி வெடிக்கவில்லை, படை தெருவில் இறங்கவில்லை. நண்பகலில் துணை ஜனாதிபதி ஜெரால்டு போர்டு உறுதிமொழி எடுத்துப் பதவி ஏற்றார். தலைவர் மாறினார், சட்டம் அப்படியே நின்றது.

ஆயினும் கதை அங்கே முற்றுப்பெறவில்லை. செப்டம்பர் 8-ஆம் நாள் போர்டு நிக்சனுக்கு முழு மன்னிப்பு வழங்கினார். நிக்சனின் உதவியாளர்கள் பலர் சிறை சென்றனர். நிக்சன் மட்டும் நீதிமன்றப் படி ஏறவில்லை. இது நியாயமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அதன் பின் 1998-இல் பில் கிளிண்டன் மீதும், 2019-இலும் 2021-இலும் டொனால்டு டிரம்ப் மீதும் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டியது. செனட் சபையில் மூன்றில் இரு பங்கு வாக்கு ஒருமுறையும் கிடைக்கவில்லை. 2024 ஜூலை 1-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஜனாதிபதியின் அலுவல் முறைச் செயல்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து பெருமளவு பாதுகாப்பு உண்டு என்றும், தனிப்பட்ட செயல்களுக்கு இல்லை என்றும், 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நாட்டின் தலைவர் சட்டத்திற்கு எந்த அளவு கட்டுப்பட்டவர் என்ற கேள்வி ஒவ்வொரு தலைமுறையின் முன்னும் வந்து நிற்கிறது. ஒருமுறை விடை கண்டுவிட்டோம் என்று யாரும் உறங்கிவிட முடியாது.

பிற்கால வாழ்வு

1975-இல் வாக்குரிமைச் சட்டம் நீட்டிக்கப்பட்டபோது, ஸ்பானிய மொழி பேசும் மக்களுக்கும் அதன் பாதுகாப்புக் கிடைக்கப் பார்பரா பாடுபட்டார். தமக்குத் திறந்த கதவு பிறருக்கும் திறக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். 1976-இல் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டில் தலைமை உரை நிகழ்த்தினார். அப்பெருமை பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே.

நோய் வளர்ந்தது. 1979-இல் காங்கிரசை விட்டு விலகி, ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக அமர்ந்தார். ஆம், அவர் பள்ளிப் படிப்பை முடித்த நாளில் கறுப்பின மாணவரை இளங்கலையில் சேர்க்க மறுத்த அதே பல்கலைக்கழகந்தான்! சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அரசியல் ஒழுக்கம் பற்றி மாணவர்க்குப் பாடம் நடத்தினார். 1987-இல் ராபர்ட் போர்க் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்டபோது, செனட் குழுவின் முன் சென்று எதிர்ப்புத் தெரிவித்தார். தமக்குச் சட்டமன்றக் கதவைத் திறந்த தீர்ப்புகளை அவர் ஏற்காதவர் என்பதே காரணம். செனட் சபை போர்க்கை ஏற்க மறுத்தது. அரசியலமைப்புச் சட்டத்தின் சிறு பிரதி ஒன்றை அம்மையார் எப்போதும் தம் கைப்பையில் வைத்திருந்தார். 1994-இல் நாட்டின் உயரிய விருதான ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் அவரைத் தேடி வந்தது. 1996 ஜனவரி 17-ஆம் நாள், தம் 59-ஆம் வயதில், இவ்வுலக வாழ்வை நீத்தார். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் மாநிலக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அங்கு இடம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

நாம் கற்க வேண்டியவை

அன்புத் தோழியரே! வலியவருக்குப் பணம் துணை, படை துணை, பதவி துணை. எளியவருக்கோ சட்டம் ஒன்றே துணை. மேலே இருப்பவர் அதைத் தாண்டிச் செல்ல விட்டால், கீழே இருப்பவர் பற்றிக்கொள்ள ஏதும் இராது. பார்பரா தம் வாழ்வில் பட்டறிந்த பாடம் இதுவே. தம்மை ஒதுக்கிய சட்டத்தை அவர் வெறுத்து எறியவில்லை. அதைத் திருத்த முடியும் என்று கண்டார். திருந்திய சட்டத்தைக் காக்க முன்நின்றார்.

இன்னொன்றும் நாம் கருதத்தக்கது. சட்டம் தானாக எழுந்து நடப்பதில்லை. நாடா ஒட்டிய கதவைக் கண்டும் காணாமல் அக்காவலர் போயிருந்தால், பதவிக்கு ஆசைப்பட்டு ரிச்சர்ட்சன் தலையாட்டியிருந்தால், நன்றிக்கடன் என்று நீதிபதிகள் வாய் மூடியிருந்தால், புத்தகத்தில் எழுதிய சட்டத்தால் என்ன பயன்? அவரவர் இடத்தில் அவரவர் கடமையைச் செய்தார்கள். அதனால் சட்டம் நின்றது.

நாம் இன்னும் மாணவியர்தாமே, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எண்ண வேண்டாம். வகுப்பில் பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் தலைவி, தன் தோழியின் பெயரை மட்டும் விட்டுவிட்டால் அங்கேயே வேலி பயிரை மேயத் தொடங்குகிறது. விதி என்றால் தோழிக்கும் ஒன்றே, பிடிக்காதவளுக்கும் ஒன்றே. அவ்வாறே ஒருத்தியைப் பற்றி ஊர் பேசுவதைக் கேட்டதும் நாமும் பழிக்காமல், முழு உண்மையையும் அறிந்த பின்னரே முடிவுக்கு வருவதும் நாம் பழக வேண்டிய நற்பண்பு. நாளை நம்முள் சிலர் வழக்கறிஞராவோம், சிலர் ஆசிரியையாவோம், சிலர் அலுவலகங்களில் பணிபுரிவோம். வாக்காளராகவோ அனைவருமே ஆவோம். எங்கிருந்தாலும் படித்தறிந்து, நடுநிலையில் நின்று, அஞ்சாமல் உண்மை பேசிய பார்பரா ஜோர்டன் அம்மையாரின் வழியில் நடக்க முயல்வோமாக!